கடைசிப் புள்ளி உள்ளேயா, வெளியேயா?

ஒரு சைன் அலையை வரைய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முதலில் சம இடைவெளியில் நேரப் புள்ளிகள் வேண்டும். இந்தச் சின்ன வேலை எத்தனை பேரின் நேரத்தைத் தின்கிறது!

பைத்தான் மொழியின் கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) அதற்கு இரண்டு கட்டளைகள்: எத்தனை புள்ளி என்று கேட்கும் லின்ஸ்பேஸ் (linspace) கடைசிப் புள்ளியைச் சேர்த்துக்கொள்ளும், எவ்வளவு படி என்று கேட்கும் அரேஞ்ச் (arange) விட்டுவிடும். சரி, அதையாவது நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. 1-இலிருந்து 1.3 வரை 0.1 படியில் அரேஞ்ச் கேட்டால் 1.3-உம் வந்து நிற்கிறது. 0.1 என்ற எண்ணை இரும முறையில் துல்லியமாக எழுத முடியாது. அந்தத் துளிப் பிழை ஒரு புள்ளியைக் கூட்டிவிடுகிறது. அப்புறம் இரண்டு வெக்டர்களின் (எண் வரிசைகளின்) நீளம் பொருந்தவில்லை என்று பிழைச்செய்தி.

அதுகூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் கெடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 0 முதல் 1 நொடி வரை லின்ஸ்பேஸில் 1000 புள்ளிகள் கேட்டால், கடைசிப் புள்ளியும் சேர்வதால் இடைவெளி 1/1000 அல்ல, 1/999. படத்தில் அலை அழகாகத்தான் இருக்கும். அலையில் எந்தெந்த அதிர்வெண்கள் உண்டு என்று காட்டும் எஃப்எஃப்டி (FFT) கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 50 ஹெர்ட்ஸ் அலை என்றால், 50-இல் ஊசிபோல் நிற்க வேண்டிய முகடு அக்கம்பக்கமெல்லாம் கசிந்து கிடக்கும். நம்பையில் எண்ட்பாயிண்டை ஃபால்ஸ் ஆக்கினால் (endpoint=False), அதாவது கடைசிப் புள்ளியை விடச் சொன்னால், தீரும். மேட்லேப் (MATLAB) என்ற கணக்கு மென்பொருளின் லின்ஸ்பேஸில் அந்த வசதியே இல்லை. 0 முதல் 999 வரை முழு எண்களை எடுத்து 1000-ஆல் வகுப்பதுதான் ஒழுங்கான வழி. எண்ணிக்கை சொல்லாவிட்டால் மேட்லேப் 100 புள்ளி தரும், நம்பை 50 தரும். அதிலும் ஒற்றுமை கிடையாது.

சிக்னல் பாடம் நடத்துகிறவர்கள் இதை முதல் வகுப்பிலேயே சொல்லக் கூடாதா?