அதிகாலை 5.29.59

மறுபடியும் 1970. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் போன் எனக்கே.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை வாசல். காவலாளியின் கையில் எங்கள் புரோகிராம் அச்சடித்த கேட் பாஸ். "சார், இந்தச் சீட்டு 01-01-1970 காலை 5.29.59-க்கே காலாவதி ஆகிவிட்டது. நான் பிறப்பதற்கு முன்னால் முடிந்த சீட்டுக்கு எப்படி லாரியை விடுவது?" நியாயம்தானே! பின்னாலிருந்து டிரைவரின் குரல்: "வெயில் கொல்கிறது அண்ணே, சீக்கிரம் கேளுங்கள்."

அந்த 59-ஐக் கேட்டதுமே எனக்குத் தலை சூடேறிவிட்டது. கணினி 1970 ஜனவரி 1, நம் ஊர் நேரம் காலை 5.30-லிருந்துதான் விநாடிகளை எண்ணுகிறது. அதனால் 5.30 என்றால் வெறும் பூஜ்யம். தேதியே போடவில்லை என்று விட்டுவிடலாம். ஒரு விநாடி குறைந்தால் அது மைனஸ் ஒன்று. அதாவது, தேதியை விநாடிக் கணக்காக மாற்றித் தரும், சி என்ற புரோகிராம் மொழியின் எம்கேடைம் (mktime) "என்னால் ஆகாது" என்று கையை விரித்திருக்கிறது. விரித்த அந்தக் கையில் கடிகாரத்தைக் கட்டி, மணி பார்த்து, அச்சும் அடித்துக் கொடுத்திருக்கிறார் புரோகிராம் எழுதிய எங்கள் புண்ணியவான்.

2025 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 2052 என்று அடித்துவிட்டார்களாம். அங்கிருப்பதோ விநாடிகளை 32 பிட்டுக்குள் மட்டுமே எண்ணத் தெரிந்த கிழட்டுக் கணினி. 2038 ஜனவரி 19 காலை 8.44.07-க்குப் பிறகு அதற்குக் காலமே கிடையாது. விரல் தவறுவது மனித இயல்பு, விடுங்கள். இதே எம்கேடைமிடம் பிப்ரவரி 31 என்று கொடுத்துப் பாருங்கள், வாயே திறக்காமல் மார்ச் 3 ஆக்கிக்கொள்ளும்!

கணக்கு சரியாக வந்தால் எம்கேடைம் கிழமையையும் நிரப்பித் தரும். கறாராகச் செய்வதென்றால், கிழமைக்கு முன்கூட்டியே மைனஸ் ஒன்று வைத்து, அது மாறியதா என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் மைனஸ் ஒன்று நிஜமான நேரமும்கூட. எங்களுக்கு அதுகூட வேண்டாம். 1970-ல் யாருக்குக் கேட் பாஸ் தரப்போகிறோம்? வந்த விடை மைனஸ் ஒன்றா என்று பார்க்க ஒரு வரி. ஒரே ஒரு வரி! ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். 1981-ல் ஜலகண்டேஸ்வரரே திரும்பி வந்துவிட்டார். இந்த ஒரு வரி இன்னும் வந்தபாடில்லை.

கடைசியில் காவலாளியே தேதியைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பேனாவால் எழுதி லாரியை உள்ளே விட்டார். பேனாவுக்கு 2038-ம் தெரியாது, 32 பிட்டும் தெரியாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அடுப்பில் கத்தரிக்காய் கரி. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் என்று சத்தியம் செய்து விற்றார் அந்த மனிதர். காம்பில் ஒரு முள் இல்லை. கிலோ எண்பது ரூபாய்!