கூகுளில் பெயரைப் போட்டுத் தேடினால் என்ன தப்பு?

"ஃபேஸ்புக் போறதுக்கே கூகுள்ல ஃபேஸ்புக்னு அடிக்கிறாங்க, இவங்களுக்கெல்லாம் எதுக்கு ஸ்மார்ட்போன்?" படித்த பிள்ளைகள் வாயிலிருந்து இந்தக் கிண்டலை அடிக்கடி கேட்கிறேன். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் ஆன்லைன் சென்டர் நடத்துகிறவன் நான். இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது. என்னைக் கேட்டால், அப்படித் தேடுகிறவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் நடக்கிற வழியில் காசு வாங்கிக்கொண்டு கண்டவர்களைக் கடை போட விட்டிருக்கிறதே கூகுள், அதன் மேல்தான் எனக்குக் கோபம்.

முதலில் இந்த முகவரிகளைப் பாருங்கள். பட்டா சிட்டா எடுக்க 'இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்'. வில்லங்கம் பார்க்க 'டிஎன்ரெஜிநெட் டாட் ஜிஓவி டாட் இன்'. பத்தாவது ரிசல்ட்டுக்கு 'டிஎன்ரிசல்ட்ஸ் டாட் என்ஐசி டாட் இன்'. ரயில் டிக்கெட் என்றால் 'ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன்'. ஒன்று ஜிஓவி, ஒன்று என்ஐசி, இன்னொன்று கோ. எது எதில் முடியும் என்று எந்த ஒழுங்கை வைத்துக் கண்டுபிடிப்பது? விடிவதற்கு முன்னால் தக்காளி லோடு இறக்கிவிட்டு, மண்டியில் கணக்கு முடித்துக்கொண்டு வருகிறவர் இதையெல்லாம் ஏன் மனப்பாடம் பண்ண வேண்டும்? அத்தனையும் ஆங்கில எழுத்து. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பக்கம் திறக்காது. அதே ஆள் மைக் படத்தைத் தொட்டு "பட்டா சிட்டா" என்று வாயால் சொன்னால் போதும், வந்துவிடுகிறது. பாதி பேர் 'ஐஆர்டிசி' என்றுதான் அடிக்கிறார்கள், அதையும் சரியாகப் புரிந்துகொள்கிறது. தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடிகிற முகவரிக்கு 2011-லேயே வழி பிறந்துவிட்டது. ஆனால் என் கடைக்கு வந்து அப்படி ஒரு முகவரியைக் கேட்டவர் இதுவரை யாரும் இல்லை.

நம் பக்கம் வீடு தேடிப் போவதும் இப்படித்தானே? மாரண்டஹள்ளியில் கதவு எண்ணைக் கேட்டுக்கொண்டு யார் போகிறார்கள்? டீக்கடையில் ஆள் பெயரைச் சொன்னால் கை காட்டிவிடுவார்கள்.

முகவரி மாறும், வாயில் புழங்குகிற பெயர் மாறாது. மின்வாரியம் 2010-ல் டான்ஜெட்கோ ஆனது, 2024-ல் டிஎன்பிடிசிஎல் ஆனது. வாரியத்துக்குப் பெயர் மாறியது தெரியாமலே ஜனங்கள் "ஈபி பில்" என்று தேடுகிறார்கள், சரியாகப் போய்ச் சேர்கிறார்கள். வங்கிகள் கதையும் அதுதான். எல்லா வங்கியும் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்று சொல்லி, 2025 அக்டோபர் 31 வரை ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. போலிகளைத் தடுக்க நல்ல ஏற்பாடு, மனசார வரவேற்கிறேன். ஆனால் பழைய முகவரியைக் கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வங்கி பெயரை வைத்துத் தேடுகிறவருக்கு அந்த வேலை இல்லை.

இந்தப் பழக்கம் தானாக வந்ததும் இல்லை. பிரவுசிங் சென்டர் காலத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், பிரவுசரில் முகவரிக்கு ஒரு பெட்டி, தேடுவதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி. 2008 செப்டம்பரில் வந்த கூகுளின் குரோம் பிரவுசர் இரண்டையும் ஒன்றாக்கியது. முகவரியா தேடலா என்று யோசிக்காமல் எதை வேண்டுமானாலும் அடி என்பதுதான் அதன் ஏற்பாடே. அப்புறம் போன் வந்தது. நம் ஊரில் நிறைய பேர் முதன்முதலில் இன்டர்நெட்டைப் பார்த்ததே போனில்தான். புது ஆண்ட்ராய்டு போனைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தேடல் பட்டை உட்கார்ந்திருக்கிறது, முகவரிப் பெட்டியோ பிரவுசருக்கு உள்ளே இருக்கிறது. தன் ஆப்களை மொத்தமாகப் போனில் ஏற்றச் சொல்லிப் போன் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது உட்படப் பல காரணங்களுக்காக 2022 அக்டோபரில் நம் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கூகுள் மேல் அமெரிக்க அரசு போட்ட வழக்கில் வெளியான கணக்குப்படி, பிரவுசரிலும் போனிலும் தானே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக 2021-ல் மட்டும் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர். ஜனங்கள் அந்தப் பெட்டியைத்தான் தொடுவார்கள் என்று தெரிந்துதானே அவ்வளவு காசு கொட்டுகிறார்கள்?

பட்டிக்காட்டுப் பழக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆந்த்ரே பிரோடர் என்ற ஆய்வாளர் 2002-லேயே, அல்டாவிஸ்டா தேடுபொறியில் மக்கள் தேடியதை எடுத்துப் பார்த்து, அதில் சுமார் 20 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்த ஒரு தளத்துக்குப் போவதற்காக மட்டும் தேடியது என்று எழுதினார். அப்போது ஸ்மார்ட்போன் அலை தொடங்கவே இல்லை. 2021-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகுளின் வழக்கறிஞரே, மைக்ரோசாப்டின் பிங் தேடுபொறியில் மிக அதிகமாகத் தேடப்படும் சொல் 'கூகுள்' என்று சொன்னார். உலகமே இப்படித்தான் நடக்கிறது. நம் ஜனங்களை மட்டும் ஏன் கிண்டல் பண்ண வேண்டும்?

சரி, கோபம் எங்கே என்று சொல்கிறேன்.

ஓசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் நர்ஸ் பெண் ஒருத்தி பாஸ்போர்ட் விஷயமாகக் கடைக்கு வந்தாள். "அண்ணா, பணம் கட்டிட்டேன், அப்பாயின்ட்மென்ட்தான் வரல" என்று போனை நீட்டினாள். பாஸ்போர்ட் என்று போட்டுத் தேடியிருக்கிறாள். மேலே முதலில் வந்த பக்கத்தைத் தொட்டிருக்கிறாள். அதன் பெயரில் 'பாஸ்போர்ட்' இருந்தது, மேலே மூவர்ணப் பட்டை இருந்தது. அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் அரசு படிவம் மாதிரியே ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார்கள். விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிவரை போனேன். அடியில், சாம்பல் நிறத்தில், கண்ணை இடுக்கிப் படிக்கிற அளவில் 'இது தனியார் ஆலோசனை நிறுவனம்' என்று ஒரு வரி. பெரியவர்களுக்கான சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு அரசு கட்டணம் 1,500 ரூபாய். அதைவிட அதிகமாகவே வாங்கியிருந்தார்கள். அரசு தளத்தில் அவள் பெயரில் ஒரு விண்ணப்பமும் இல்லை. திரும்பத் தேடிப் பார்த்தோம். அந்தப் பக்கத்துக்கு மேலே குட்டி எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று இருந்தது, அதாவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். உண்மையான அரசு தளம் அதற்குக் கீழே.

இந்தப் பெண்ணை அறியாதவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. போக வேண்டிய இடத்தின் பெயரைச் சரியாகத்தான் சொன்னாள். போலி பாஸ்போர்ட் தளங்கள் இருக்கின்றன என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை போட்டிருக்கிறது. அது போட்டிருப்பது தன் தளத்துக்குள்ளே. அங்கே வந்து சேர்ந்தவருக்கு அந்த எச்சரிக்கை எதற்கு?

தேடுபவர் ஒரு இடத்தின் பெயரைச் சொல்லும்போது, அதற்கு மேலே இன்னொருவருக்கு இடம் விற்பது அநியாயம். ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனம் தன் பெயரைத் தேடினால் மற்றவர்கள் விளம்பரம் வருகிறது என்று தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது. இந்தச் சொல்லைத் தேடினால் இந்த விளம்பரம் வரட்டும் என்று வர்த்தகப் பெயரை விற்பதில் கூகுளுக்கும் பங்கு உண்டு, வெறுமனே இடம் கொடுத்தேன் என்று ஒதுங்க முடியாது என்பது அதன் சாரம். ஒரு கம்பெனியின் பெயருக்கு இந்தப் பாதுகாப்பு கேட்க முடியும் என்றால் பாஸ்போர்ட், ஆதார், பட்டா, வில்லங்கம் என்ற பெயர்களுக்கும் வேண்டும். இந்தச் சொற்களுக்கு மேல் தனியார் விளம்பரமே வரக்கூடாது என்று அரசு உத்தரவு போட வேண்டும்.

அதுவரை நம் மாவட்டத்திலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வி.ஏ.ஓ. ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ் சுவரிலும் சரியான முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் க்யூஆர் கோடு ஒட்டட்டும். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சென்டர் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும், இன்பாக்ஸில் வாருங்கள்.

தேடித்தான் போகிறீர்கள் என்றால் தாராளமாகத் தேடுங்கள். 'ஸ்பான்சர்டு' என்று இருப்பதைத் தாண்டி, பட்டா, பாஸ்போர்ட் மாதிரி அரசு வேலை என்றால் 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் தாமதிக்காமல் ஆன்லைன் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் பண்ணுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.