நங்கூரச் சங்கிலியின் இழுப்பை விஞ்சே தாங்குமா?

மும்பையில் பாய்மரப் படகு ஓட்டும் நம் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "நங்கூரம் போட்டதும் விஞ்சின் (சங்கிலியைச் சுற்றி இழுக்கும் பொறி) பிரேக்கை இறுக்கினால் போதும். சங்கிலிக் கொக்கி, நைலான் கயிறு எல்லாம் வீண்செலவு. கொக்கி எப்படியும் கழன்றுவிடும்."

இது தவறு. தயவுசெய்து நம்ப வேண்டாம்.

விஞ்சு இருப்பது நங்கூரத்தை ஏற்றி இறக்கத்தான். இரவெல்லாம் படகைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலையல்ல. காற்று லேசாக இருக்கும்வரை சங்கிலி தன் எடையால் தொய்ந்து அலையின் இழுப்பை வாங்கிக்கொள்ளும். காற்று வலுத்தால் கம்பி போல விறைத்துவிடும், துளியும் நீண்டு கொடுக்காது. அப்புறம் ஒவ்வொரு அலையின் வெட்டும் நேராக விஞ்சின் அச்சில்தான் விழும். அச்சு வளையலாம், நங்கூரமும் பிடி தளர்ந்து நகரலாம்.

அதற்குத்தான் கொக்கி. நைலான் கயிற்றின் ஒரு முனையில் உள்ள கொக்கியைச் சங்கிலிக் கண்ணியில் மாட்டி, மறுமுனையை அணியத்தில் (படகின் முன்பகுதி) உள்ள கிளீட்டில், அதாவது கயிறு கட்டும் கட்டையில் கட்டி, இன்னும் கொஞ்சம் சங்கிலியை விட வேண்டும். விஞ்சுக்கும் கொக்கிக்கும் நடுவே சங்கிலி தளர்ந்து தொங்கினால் சரி, பாரம் கயிற்றுக்கு வந்துவிட்டது. கயிறு நைலானாகவே இருக்கட்டும், அது நீண்டு கொடுத்து வெட்டை வாங்கிக்கொள்ளும்; டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு நீளாது. உரசும் இடத்தில் பழைய ஹோஸ் துண்டைச் சுற்றுங்கள்.

கொக்கி கழலும் என்பதில் மட்டும் பாதி உண்மை உண்டு. காற்று ஓய்ந்து சங்கிலி தொய்யும்போது சாதாரணக் கொக்கி நழுவலாம். பூட்டு உள்ள கொக்கி வாங்குங்கள், இல்லையென்றால் கயிற்றையே ரோலிங் ஹிட்ச் முடிச்சாகச் சங்கிலியில் போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பையில் கடல் மட்டம் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். அதற்கேற்ற சங்கிலியை விட்ட பிறகே கொக்கியை மாட்டுங்கள்.