லிட்டர் கணக்கை மன்றத்தில் வையுங்கள்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் முல்லைப்பெரியாறு அணை இன்றைக்கு எத்தனை அடி என்று சொல்லிவிடுவார்கள். 136 அடியோடு நிறுத்தி வைத்தது எதனால், 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு என்ன சொன்னது, எல்லாம் மனப்பாடம். அதே ஆளிடம், "உங்க வார்டு டேங்க்ல நேத்து எவ்வளவு தண்ணி ஏறுச்சு, எவ்வளவு இறங்குச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது. அவர் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலருக்கும் தெரியாது. ஆனால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. கடும் கோடையில், வயலுக்குத் தண்ணீர் விடாத நாட்களிலும் அணைத் தண்ணீரைத் தேக்கடியிலிருந்து குடிநீருக்கென்று விநாடிக்கு 100 கன அடி திறந்து விடுவது வழக்கம். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாளைக்குப் பெருக்கினால் 24 கோடி லிட்டரைத் தாண்டும். இது முழுவதும் நமக்கில்லை; வைகை அணை வரைக்கும், அதற்கு அப்பாலும் குடிக்கிற ஊர்கள் இருக்கின்றன. சரி, 60,000 பேர் இருக்கிற ஒரு ஊருக்கு எவ்வளவு வேண்டும்? பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். அப்படிப் பார்த்தாலும் 81 லட்சம் லிட்டர்தான். வருகிற தண்ணீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குகூட இல்லை.

அப்புறம் ஏன் அணை நிரம்பிக் கிடக்கிற மாதத்திலும் தெருவுக்குத் தெரு நாள் கணக்கில் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிறோம்?

இந்த இடத்தில் எங்கள் பக்கம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, கேரளாக்காரன். இன்னொன்று, மலையடிவாரத்தில் இருக்கிற லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்குக் குழாய் போட்டுக் கொண்டுபோகிறார்கள் என்பது. இரண்டிலும் இருக்கிற கோபம் எனக்குப் புரிகிறது. மதுரைக் குழாயை எதிர்த்த விவசாயிகளின் பயம் நியாயமானது, அதைத் தனியாகவே பேச வேண்டும். ஆனால் அந்தக் குழாய் வருவதற்கு முன்பும் எங்கள் தெருவில் தண்ணீர் இப்படித்தான் வந்தது. தொட்டியில் ஏறிய தண்ணீர் தெருக்கோடி வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அதற்குத் திருவனந்தபுரத்தையும் மதுரையையும் திட்டி என்ன பயன்? தொட்டிக்குக் கீழே இருப்பதெல்லாம் நம் நகராட்சியின் பொறுப்பு.

கணக்கு எங்கே அறுந்து போகிறது என்று பாருங்கள். ஜூனில் முதல் போகத்துக்குத் திறக்கும்போது 14,707 ஏக்கருக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி என்று பிரித்து எழுதித்தான் அணையைத் திறக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து அனுப்புகிற கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நடத்துவது குடிநீர் வடிகால் வாரியம். ஊருக்குக் கொடுக்கிற தண்ணீருக்கு வாரியம் கிலோ லிட்டர் கணக்கில் பில் போடுகிறது. அதாவது ஊர் எல்லை வரைக்கும் கணக்கு இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் ஏறியதும் அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. எந்த வார்டுக்கு எத்தனை மணி நேரம் திறந்தார்கள், எவ்வளவு கசிவில் போனது, எவ்வளவு திருட்டு இணைப்பில் போனது என்று எழுதி வைத்த தாளை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை.

நகராட்சி மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் அதில் நிறையவே இருக்கும். பம்ப் மோட்டார் ரீவைண்டிங் செய்த செலவு, மெயின் குழாய் உடைப்பைச் சரிசெய்த செலவு, வால்வு மாற்றிய செலவு, பிளீச்சிங் பவுடர் வாங்கிய செலவு, கோடையில் லாரி ஓட்டிய வாடகை. ஒவ்வொன்றுக்கும் கீழே "மன்றத்தின் அனுமதிக்கு" என்ற ஒரு வரி. வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும், பில்லும் தயாராக இருக்கும். கிளார்க் எண்களை மட்டும் வாசிப்பார், "ஆல் பாஸ்" என்று யாராவது சொல்வார்கள், முடிந்தது. ஒரே மோட்டார் ஒரே வருடத்தில் மூன்று முறை ரீவைண்டிங்குக்குப் போனால் அது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே இடத்தில் குழாய் திரும்பத் திரும்ப உடைந்தால், அந்தத் துண்டையே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பதில்லை. ரூபாய்க் கணக்கு மட்டும் மன்றத்துக்கு வருகிறது. லிட்டர் கணக்கு வந்தால்தான் அந்த ரூபாய் சரியா தப்பா என்று சொல்ல முடியும்.

கவுன்சிலர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரைக்கும் தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் மன்றமே இல்லை, தனி அலுவலர் ஆட்சிதான். ஐந்து வருடத்துக்கு மேல் யாரும் எதையும் கேட்காத பழக்கம் அலுவலகத்தில் ஊறிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களில் பலர் முதல் முறை ஜெயித்தவர்கள். பாதி இடம் பெண்களுக்கு. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை குடத்தில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட உறுப்பினரின் போனை வீட்டுக்காரர் எடுத்துப் பேசுவதும், கூட்டத்துக்கு வெளியே அவரே முடிவு சொல்வதும் எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். அக்காமார்களே, இது நீங்கள் பேச வேண்டிய பொருள். எழுந்து பேசுங்கள், ஊர் உங்கள் பின்னால் நிற்கும்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்து விடுகிற தம்பி ஒப்பந்தத் தொழிலாளி. விடியும் முன் வந்து கடப்பாறையால் வால்வுக் குழியின் மூடியை நெம்பி எடுத்து, ரோட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, நீளக் கம்பிச் சாவியை உள்ளே விட்டுச் சுற்றுவார். எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் எந்தத் தெருவுக்கு ஏறும் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. காகிதத்தில் இல்லை. மழைக்காலத்தில் அந்தக் குழியில் நிற்கிற சாக்கடையில் கையை விட்டுத்தான் சாவியைப் பொருத்த வேண்டும், கையுறைகூடக் கிடையாது. மேட்டுத் தெருவுக்கு ஏன் ஏறவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். "கீழ்த்தெரு வால்வை முக்கால்வாசி மூடினாத்தான் மேட்டுக்கு ஏறும்ணே. மூடினா அஞ்சே நிமிசத்துல போன் வந்துரும்" என்றார். யார் போன் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. மன்றம் தீர்மானம் போட்டு எழுதித் தர வேண்டிய ஒரு முடிவை, தினக்கூலி வாங்குகிற ஒரு பையன் ரோட்டில் படுத்துக்கொண்டு எடுக்க வேண்டியிருக்கிறது. அவர் லீவு போட்டால் மாற்று ஆளுக்கு எதுவும் தெரியாது, அன்றைக்குப் பாதித் தெருவுக்குத் தண்ணீர் கிடையாது.

நேரம் தெரியாமல் இருப்பதன் விலையை எங்கள் ஊரில் யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள். இருட்டோடு ஜீப் வந்து நிற்கும், குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலை ஏறும், சாயங்காலம்தான் இறங்கும். தண்ணீர் இன்றைக்கா நாளைக்கா, காலையா மத்தியானமா என்று தெரியாததால், வீட்டில் ஒருவர் காவல் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாரத்தில் ஒரு நாள் கூலியை இதற்காகவே விடுகிறார். அவரால் முடியாத நாளில் பள்ளிக்கூடம் போக வேண்டிய மகள் குடத்தோடு நிற்கிறாள். தண்ணீர் கூடுதலாக வேண்டாம், எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்னாடியே சொன்னால் போதும் என்கிறார். இதற்குக் கோடி ரூபாய்த் திட்டம் வேண்டுமா? வார்டு வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாள் ராத்திரி ஒரு வரி போட்டால் போதாதா?

விட்டு விட்டுத் தண்ணீர் விடுவதில் இன்னொரு ஆபத்து உண்டு, அது உயிரோடு விளையாடுகிற விஷயம். குழாய் நிறைந்து அழுத்தத்தோடு ஓடும்போது கசிவு வழியாகத் தண்ணீர் வெளியே போகும். குழாய் காலியாகும்போது அதே ஓட்டை வழியாக வெளியிலிருக்கும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். முதல் பத்து நிமிடம் கலங்கலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் இந்த இழுப்பை இன்னும் அதிகமாக்குகிறார்கள். கடைசி வீட்டுக்காரரின் பங்கை எடுப்பதோடு தன் சம்ப்புக்குள்ளேயே சாக்கடையை வரவழைத்துக்கொள்கிறார்கள். தெருக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. சோதித்துப் பார்க்கும் சின்னப் பெட்டி நகராட்சிகளில் உண்டு. தொட்டிக்கு அடியில் பார்த்துக் குறித்துவிட்டுப் போகாமல், கடைசி வீட்டில் பார்க்க வேண்டும்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டட்டும். மாதத்துக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே தொகை வாங்குவது ஏழைக்கு எதிரானது. ஒரு குழாயும் நான்கு குடமும் வைத்திருக்கிற வீடும், சம்ப்பும் மாடித் தொட்டியும் உள்ள வீடும் ஒரே பணம் கட்டுவது என்ன நியாயம்? மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு மீட்டர் பார்த்துப் பில் போடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா உயர்த்தியபோது அங்கே பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையையே லிட்டரில் போட முடிந்தது, ஏனென்றால் கையில் ரீடிங் இருந்தது. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவில்லை. மீட்டரை லாட்ஜ், ஹோட்டல், கல்யாண மண்டபம், வணிகக் கட்டடங்களிலிருந்து தொடங்கலாம். தெருக் குழாயில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அது இல்லையென்றால் ஒண்டுக் குடித்தனக்காரர்கள் எங்கே போவார்கள்?

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். மாதா மாதம் மன்றக் கூட்டத்தில் முதல் பொருளாக அதை வைக்க வேண்டும். வாரியத்திடமிருந்து வந்த தண்ணீர் எவ்வளவு, நம் சொந்தக் கிணறுகளில் எடுத்தது எவ்வளவு, ஒவ்வொரு வார்டுக்கும் எந்தெந்த நாளில் எத்தனை மணி நேரம் திறந்தது, உடைப்பு என்று புகார் வந்த நாள், அதைச் சரிசெய்த நாள், தெருக்கோடியில் குளோரின் அளவு. இவ்வளவுதான். வால்வு இருக்கிற இடங்களையும் சுற்றுக் கணக்கையும் அந்தத் தம்பியை உட்கார வைத்து வரைபடமாக எழுதி வாங்க வேண்டும், அந்த அனுபவத்துக்கு உரிய சம்பளத்தையும் கொடுக்க வேண்டும்.

2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபா நடக்கிறது. எங்கள் வார்டில் வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த கூட்டத்தில் கொடுப்பதற்காக, மேலே சொன்ன தாளைக் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். நம் வார்டுக்காரர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடலாம், தோட்டத்துக்குப் போகிற அக்காமார்களின் கையெழுத்தை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். மற்ற வார்டுக்காரர்களுக்கு மனுவின் படத்தை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன், வார்டு எண்ணை மாற்றிக்கொண்டால் போதும். மனுவுக்குப் பதில் வரவில்லை என்றால் பத்து ரூபாய்க் கோர்ட் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் இதே கேள்விகளைக் கேட்போம், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வார்டுக்கு ஒருவராவது தேவைப்படுகிறார்கள்.