ஆமாம், நாலு மணி நேரம்தான்

நாலு மணி நேரம் எடுத்து வீட்டிலேயே சுட்ட பிரெட்டைப் படம் பிடித்து சனிக்கிழமை போட்டேன், அதற்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். "நாப்பத்தஞ்சு ரூவா பிரெட்டுக்கு நாலு மணி நேரமா? யக்காவுக்கு பேங்க்ல வேலையே இல்ல போல" என்று ஆரம்பித்த தம்பி, அடுத்து கரண்ட் பில்லுக்குப் போய், ராத்திரிக்குள் என் வீட்டுக்காரருக்கு அனுதாபம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். அதற்கு நூற்றுப் பதினாலு சிரிப்பு. சிரித்ததில் ஆறு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். எண்ணியிருக்கக் கூடாது, எண்ணிவிட்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பிரெட் சுட்டது நாற்பத்தைந்து ரூபாயை மிச்சம் பிடிக்க இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, செய்தேன். நாலு மணி நேரம் உட்கார்ந்து ஐபிஎல் பார்க்கிற தம்பியிடம், "ஸ்கோர் நாளைக்குப் பேப்பரில் வருமே, எதற்கு இந்தப் பாடு?" என்று நான் போய்க் கேட்டதில்லை.

அதுவும் அந்த நாலு மணி நேரத்தில் என் கை வேலை இருபத்தைந்து நிமிஷம்தான். மிச்சம் எல்லாம் மாவின் வேலை. பிசையும்போது முதலில் விரலிடுக்கெல்லாம் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். உள்ளங்கையால் தள்ளித் தள்ளி மடித்துக்கொண்டே இருந்தால், பத்தாவது நிமிஷம் வாக்கில் பாத்திரத்தை விட்டு, கையை விட்டு, ஓர் உருண்டையாகத் திரண்டு நிற்கும். அந்த இடம் வருகிறது பாருங்கள், அதற்காகத்தான் நான் செய்கிறேன். பகல் முழுக்க அடுத்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு வருகிற ஒருத்திக்கு, கையில் ஒரு பொருள் திரள்வது என்ன சந்தோஷம் என்று கமெண்டில் எப்படி எழுதுவது?

முதல் பிரெட் கதையையும் சொல்கிறேன், சிரிக்கிறவர்கள் இதற்கும் சிரித்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து ஒன்றரை மணி நேரம் வை என்று குறிப்பில் இருந்தது. குளிர்தேசத்து அடுப்படிக்கு எழுதினது. நான் தூத்துக்குடி மே மாதத்தில் அப்படியே செய்தேன். போய்ப் பார்த்தால் மாவு பொங்கி, தளர்ந்து, நடுவில் குழி விழுந்து கிடக்கிறது. ஓவனையே பார்த்திராத என் அம்மா, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, புளிச்சு அடங்கிட்டு. வெயில் காலத்துல இம்புட்டு நேரம் வைப்பாவளா? உளுந்தாட்டும்போது ஐஸ் தண்ணி ஊத்துவோம்லா, அதுமாரி பச்சத்தண்ணியில பிசை."

சரியாக வந்தது. நாற்பது நிமிஷத்தில் இரண்டு மடங்கு. இட்லி மாவைப் பொங்க வைப்பது உளுந்தோடு வரும் பாக்டீரியா, பிரெட்டுக்கு ஈஸ்ட். ஆள் வேறே தவிர, சூடு கூடினால் இரண்டும் வேகமாகத்தான் புளிக்கும். அறுபது வருஷம் மாவு கரைத்த கைக்கு அது தெரிந்திருக்கிறது. அந்த வருஷத்து உளுந்து எவ்வளவு காணும் என்று ஒரு பிடியை ஊறப்போட்டே சொல்லிவிடுகிறவள் அவள்.

இனி அறிவுஜீவிகள். "பெண்களை மறுபடி அடுப்படிக்கு இழுக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் யாரை இழுத்தேன்? என் பிரெட்டை நான் சுட்டேன். பாக்கெட் மாவு வாங்குவது பாவம் என்று எங்காவது எழுதியிருக்கிறேனா? மார்ச் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பாக்கெட் மாவுதான். வங்கியில் வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள், மார்ச் என்றால் என்னவென்று. இதை எழுதியவர் வீட்டில் காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டுவது அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது மட்டும் இப்போதைக்குப் போதும்.

"ஓவன் வாங்க வசதி இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு" என்று இன்னொருவர். ஆமாம். ஆறு மாத இஎம்ஐ. அடுத்தவர்.

கடை பிரெட் எல்லாம் விஷம் என்றும் நான் சொல்லவில்லை. பிரெட் நன்றாக எழும்ப மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016-லேயே தடை செய்துவிட்டார்கள், அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தப் போவதில்லை. இந்த ஊர் பேக்கரிக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்த்து அவர்கள் போடுகிற மக்ரூனை நான் வீட்டில் முயன்றதே இல்லை, முயலவும் மாட்டேன்.

அப்புறம் எதற்கு இவ்வளவு கோபம் என்று வீட்டுக்காரரே கேட்டார். "வேலையே இல்ல போல" என்ற அந்த மூன்று வார்த்தைதான். ஏழு பேருக்கு ஆட்டுரலில் மாவாட்டின என் அம்மாவை, யாராவது "வீட்டம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டால் அப்பா "சும்மாதான் இருக்கா" என்பார். கெட்ட மனுஷர் இல்லை, அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே குழவி உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். என் முதல் சம்பளத்தில் கிரைண்டர்தான் வாங்கினேன். ஆட்டுரல் இப்போது கொல்லைப்புறத்தில் பூனை தண்ணீர் குடிக்கிற தொட்டி. ஆகவே அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, எனக்கு இருக்கிறது. இருந்தும் செய்கிறேன், அது என் இஷ்டம். ஆனால் அன்றைக்கும் அடுப்படியில் நடப்பது வேலை இல்லை, இன்றைக்கும் இல்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து செய்தால், வேலையே இல்லாதவள்!

கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் கணக்கிலேயே சொல்கிறேன். 1500 வாட் ஓவன், சூடேற்றுகிற நேரத்தோடு முக்கால் மணி நேரம் ஓடினால் ஒன்றேகால் யூனிட்டைத் தாண்டாது. அதில் வருகிற பிரெட் முக்கால் கிலோ, கடையில் இரண்டு பாக்கெட். (மிச்சம் பிடிக்க இல்லை என்று மேலே சொன்னேன். தெரியும். விடுங்கள்.)

கூத்துக்கு நடுவில் இன்பாக்ஸில் அளவு கேட்டவர்கள் பதினொரு பேர். சிரித்த ஆறு பேரில் ஒருவரும் கேட்டிருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன். மைதா 500 கிராம், தண்ணீர் 300 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சீனி ஒரு மேசைக்கரண்டி, வெண்ணெய் இரண்டு. வெயில் காலத்தில் பச்சைத்தண்ணீர். இரண்டு மடங்காகும் வரை மூடி வைத்து, காற்றை அமுக்கி, உருட்டி டின்னில் போட்டு, விளிம்பு வரை எழும்பியதும் 200 டிகிரியில் 35 நிமிஷம். அடியில் தட்டினால் வெறும் பானையைத் தட்டின சத்தம் வர வேண்டும். ஒரு மணி நேரம் ஆறின பிறகுதான் வெட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது இன்றுவரை நடந்ததில்லை.