இன்காக்னிட்டோவில் தேடினால் கூகுளுக்குத் தெரியாதா?

“குரோமில் இன்காக்னிட்டோவைத் திறந்து தேடினால் கூகுளுக்கு எதுவும் தெரியாது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. இன்காக்னிட்டோ என்பது குரோம் உலாவியின் தனிப்பட்ட உலாவல் முறை. அதை மூடியதும் தேடல் வரலாறும் குக்கீகளும் (தளங்கள் சேமித்து வைக்கும் சிறு கோப்புகள்) அழிவது உங்கள் போனிலோ கணினியிலோ மட்டும்தான். வீட்டில் இன்னொருவர் பார்க்காமலிருக்க அது உதவும், அவ்வளவே. நீங்கள் போகும் தளத்தில் கூகுளின் விளம்பர நிரலோ, வருகையாளர்களைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸோ இருந்தால், உங்கள் இணைய இணைப்பைக் காட்டும் எண்ணான ஐபி முகவரியோடு தரவு கூகுளுக்குப் போய்விடும். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் தெரியும்.

இதற்காகவே அமெரிக்காவில் 2020-இல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024-இல் வந்த சமரசத்தில், இப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான உலாவல் பதிவுகளை அழிக்கவோ, அவை யாருடையவை என்ற அடையாளத்தை நீக்கவோ கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோவின் முதல் பக்க எச்சரிக்கையும் மாறியது.

சரி, கூகுளை நம்பியிருப்பதைக் குறைக்க என்ன செய்யலாம்? பயர்பாக்ஸ் உலாவிக்கு மாறி, தேடலுக்கு டக்டக்கோ என்ற தேடுபொறியை வையுங்கள். ஜிமெயிலை அப்புறம் நிதானமாக மாற்றலாம்.