தனபால ஈராக்கில் ஆயுதம் தேடியவரா?

அண்ணே, "கண்டி ட்ரினிட்டியில படிச்ச ஜயந்த தனபாலதான் 2003 போருக்கு முன்ன ஈராக்கில் பேரழிவு ஆயுதம் தேடின ஐ.நா. குழுவுக்குத் தலைவர்"னு போட்டிருக்கீங்க. இலங்கை ராஜதந்திரியான அவர் படிச்ச பள்ளிக்கூடம் சரி, பதவி தப்பு. அந்தக் குழுவை நடத்தினவர் ஸ்வீடன்காரர் ஹான்ஸ் பிளிக்ஸ்.

குழப்பம் எங்க வந்திருக்கும்னு புரியுது. 1998இல் சதாமோட 8 மாளிகை வளாகங்களைச் சோதிச்சப்போ, பரிசோதகர்களோட கூடப்போன ராஜதந்திரிகளுக்குத் தலைமை தாங்கினவர் தனபால. 1998 முதல் 2003 வரைக்கும் அவர் ஐ.நா. ஆயுதக் களைவுத் திணைக்களத்தோட தலைவர், பரிசோதகர் இல்லை.

பெரிய விஷயத்தை விட்டுட்டீங்களே! 1995இல் நியூயோர்க் மாநாட்டுக்குத் தலைமை வகிச்சு, அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை வாக்கெடுப்பே இல்லாம காலவரையறையின்றி நீடிக்க வச்சவர். பதிவைத் திருத்துங்க, நானும் ஷேர் பண்றேன்.